உப்புப் பார்க்கும் சிப்பி

சிப்பி சாப்பிடுவதற்கு மாசி மாதம்தான் நல்லது, ஐயா. மாரி மழை ஓய்ந்து, ஆற்று வெள்ளம் கடலில் கலந்து தெளிந்த பிறகுதான் பாறைச் சிப்பி சதை பிடிக்கும். அதற்கு முன்னால் எடுத்தால் ஓட்டுக்குள் வெறும் தண்ணீர். சித்திரை கழிந்து எடுத்தால் சதை பால் வைத்துக் குழைந்துபோகும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பாத்தும்மா கொண்டுவந்த சிப்பி பழுதானது என்று ஊர் முழுக்கப் பேசுகிறார்கள். அவளை மறியலிலும் அடைத்து வைத்திருக்கிறீர்கள். அவளுடைய சிப்பியில் ஒரு பழுதும் இல்லை. இந்த வருஷத்துச் சிப்பி நல்ல சிப்பி.

கதிரை தந்து இருக்கச் சொன்னீர்கள், நன்றி. முசலியிலிருந்து நடந்து வந்து ஓடம் ஏறியவன், கால் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கிறது. ஆனால் பேசுவதற்குக் களைப்பு இல்லை.

என் பெயர் அமிர்தநாயகம். முத்துக்குளிப்பு நடக்கும் வருஷங்களில் மரிச்சுக்கட்டிப் பங்களாவில் சமையல் பொறுப்பு என்னுடையது, நான்தான் கோக்கி. குளிப்பு இல்லாத வருஷங்களில் மன்னாரில் துரைமார் வீட்டுக் குசினிகளில் சமைப்பேன். குளிப்புக் காலத்தில் அந்தக் கரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்றுமில்லாத மணலில் ஒரு பட்டணம் முளைத்துவிடும். குளியாட்கள், வியாபாரிகள், மந்திரக்காரர், பொலிஸ்காரர் எல்லாரும் ஓலைக் கொட்டில்களில் நெருங்கிக் கிடப்பார்கள். அள்ளிவந்த முத்துச் சிப்பியை அழுகவிட்டுத்தான் முத்தை எடுக்க வேண்டும். அந்த நாற்றத்தில் கொழும்பிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள் முதல் இரண்டு நாள் சாப்பாட்டையே தொடமாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் முன்னால், வேறொரு சிப்பியைத் தட்டில் வைத்து, அவர்களைத் திரும்பக் கேட்க வைப்பது சின்ன வேலை இல்லை. அதை நாங்கள் செய்தோம்.

பாறைச் சிப்பியின் குழிந்த ஓடு அடியில் இருக்கும்படி தணலில் இருத்த வேண்டும். வாய் திறக்கிற நேரம் பார்த்து மேலோட்டை எடுத்துவிட்டு, தேங்காய்ப்பாலில் குழைத்த மிளகும் சின்ன வெங்காயமும் கொஞ்சம் வைத்து, இறக்கும்போது பனங்கள்ளு வினாகிரி ஒரு துளி விட வேண்டும். பிறகு உப்புப் பரப்பிய தட்டில் ஓட்டோடு அடுக்கி மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோவது நான். தட்டை வைக்கும்போது அதன் கதையையும் சொல்வேன். அரிப்பு ஊரில் கடலோரமாக இடிந்து நிற்கிறதே பழைய கவர்னர் மாளிகை, அது மாளிகையாக இருந்த காலத்தில் என் பூட்டனார் அங்கே கோக்கியாக இருந்தார், இந்தப் பதார்த்தத்தை முதன்முதல் வெள்ளைக்காரர் மேசையில் வைத்தவர் அவர்தான், அன்றிலிருந்து ஒவ்வொரு குளிப்புக்கும் எங்கள் வீட்டுக் கைதான் இதைச் செய்கிறது என்பேன். துரைமார் கேட்டுத் தலையாட்டுவார்கள். கதை தெரிந்து சாப்பிடுகிறபோது எதுவும் இன்னும் ருசிக்கும்.

மதலேனா என் மனைவி. அரிப்பில் பிறந்தவள். குசினியின் பின்பக்கம்தான் அவளுடைய இடம். கொண்டச்சிக் கரையிலிருந்து பாத்தும்மா கூடையோடு வந்தால், ஒவ்வொரு சிப்பியாகத் தட்டிப் பார்த்து வாங்குவதும், பங்களாவுக்குத் தெற்கே இருக்கிற உப்புக் குட்டையில் கூடையை இறக்கிக் கண்டல் மரத்து வேரில் கட்டுவதும், ஒரு பகலும் ஓர் இரவும் மண் கக்க விடுவதும், ஓடு திறப்பதும், மிளகு அரைப்பதும் அவள்தான். தணலையும் அவளே பார்த்துக்கொள்வாள். ஒரு குசினியில் எந்தக் கை எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஐயா. கோக்கி என்று ஒருவன் இருக்கிறான். மற்றதெல்லாம் அவனுக்குள் அடக்கம்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. கூடையைக் குட்டையிலிருந்து தூக்கியதும் ஒரு சிப்பியைத் திறந்து பச்சையாகத் தின்பாள். உப்புப் பார்க்கிறேன் என்பாள். குளிப்பு எப்போதும் உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின தபசு காலத்தில்தான் வரும். அவள் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடிக்கிறவள். அந்த ஒரு சிப்பிக்காகச் சுவாமியாரிடம் போய் உத்தரவு கேட்டு வைத்திருந்தாள். அது சாப்பாடு இல்லை, வேலை என்று அவர் சொன்னாராம். அதனால் என்ன நோன்பு நாளாக இருந்தாலும் அந்த ஒன்றை அவள் தவறவிடமாட்டாள்.

இந்த வருஷம் கொழும்பிலிருந்து வயதான துரை ஒருவர் வந்திருந்தார். உலகத்தில் சிப்பி விளைகிற கரையெல்லாம் போய்ச் சாப்பிட்டவராம். என் தட்டில் இருந்ததை ஆற அமரச் சாப்பிட்டுவிட்டு, முதலியாரைக் கொண்டு ஒரு கேள்வி கேட்டார். முதலியார் என்றால் துரைமாருக்கு எங்கள் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்கிறவர். ஒவ்வொரு கூடைச் சிப்பிக்கும் உப்பு வேறாக இருக்குமே, மிளகுக் கலவையில் எவ்வளவு உப்புச் சேர்ப்பது என்று உனக்கு எப்படித் தெரிகிறது என்பது கேள்வி. கைப்பழக்கம் என்று சொன்னேன். கைக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டார். பங்களாத் துரையின் மனைவி, அதுதான் துரைசானி, அவவுக்குத் தமிழ் ஓரளவு தெரியும். நல்லவ. நான் முழிப்பதைப் பார்த்து உதவி செய்வதாக நினைத்து, மதலேனாவைக் கூப்பிடு என்றா.

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி மண்டபத்துக்குள் வந்தாள். அந்தத் தரையில் அவள் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

"ஐயாவுக்குச் சொல்லுங்கோ," என்றாள் முதலியாரிடம். "முதல்ல ஒண்டைப் பச்சையாத் திண்டு பாப்பன். மற்றதுக்கு எவ்வளவு உப்பு எண்டு அது சொல்லிப்போடும்."

துரைக்குச் சந்தோஷம். இதை யாரிடம் பழகினாய் என்று கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் கண்ணைக் காட்டியிருப்பேன். அவள் பாட்டுக்குச் சொல்லத் தொடங்கினாள். ஒல்லாந்தர் காலத்திலிருந்தே அவள் வீட்டுப் பெண்கள் இதைச் செய்கிறார்களாம். அரிப்பு மாளிகையில் விருந்துக்கு மீன் கிடைக்காத ஒரு நாளில் அவளுடைய பூட்டிதான் பாறையில் இருந்த சிப்பியைத் தட்டிக்கொண்டு வந்து சுட்டுக் கொடுத்தவளாம். முதலியார் எனக்காகத்தான் இடையில் மறித்தார், அமிர்தநாயகத்தின் பூட்டனார் அல்லவா அங்கே கோக்கி என்று. மதலேனா சிரித்துவிட்டாள்.

"இவரின்ர பூட்டன் அங்கை தண்ணிக் குடம் காவினவர். எங்கட பூட்டிதான் அவருக்குச் சோறு போட்டவ."

முதலியார் அதை இங்கிலீசில் சொன்னார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. துரைசானி ஒரு கதிரையை இழுத்து மதலேனாவை இருக்கச் சொன்னா. அவள் நுனியில் இருந்தாள். அதன் பிறகுதான் என்னைப் பார்த்தாள், தனக்குக் கிடைத்த நல்ல பேரில் எனக்கும் பங்கு தருவதுபோல. நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். வேண்டுமென்று செய்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும்.

அன்றிலிருந்து விருந்தாளிகள் குசினிப் பின்பக்கத்துக்கு வரத் தொடங்கினார்கள். அவள் ஓடு திறப்பதைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். நான் இடையில் போனால் வழிவிட்டு விலகுவார்கள், வேலைக்காரனுக்கு விலகுவதுபோல. மேசையில் தட்டை வைக்கும்போது கதை சொல்ல வாயெடுத்தால், தெரியும் தெரியும், மதலேனா சொன்னாள் என்பார்கள். பாத்தும்மா கூட, உங்கட பொம்பிளையின்ர பேர் கொண்டச்சி வரைக்கும் வந்திட்டுது கோக்கியார் என்றாள். அவள் வாழ்த்தாகத்தான் சொன்னாள்.

அடுத்த கிழமை துரைசானி கொழும்புக்குப் போக இருந்தா. அங்கே பெரிய விருந்துகளாம். மதலேனாவைத் தன்னோடு கூட்டிப்போகப் போவதாகச் சொன்னா. அன்று பின்னேரம் மதலேனா ஓடி வந்து எனக்குச் சொன்னாள்.

"நீங்களும் வாறியள். நான்தான் கேட்டனான். குசினியிலை ஏதும் வேலை இருக்கும் எண்டு துரைசானி சொன்னவ."

நல்லது என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் அன்றைக்கு எனக்குப் பிடித்த விரால் மீன் கறி வைத்தாள். நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த நாட்களில்தான் குளியாட்களின் கொட்டில்களில் வாந்திபேதி தலைகாட்டியது. நோயாளிகளை வைப்பதற்குத் தள்ளி, ஆற்று வாய்ப் பக்கமாக ஒரு கொட்டில் போட்டார்கள். டொக்டர் குசினி ஆட்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தி விளக்கமாகச் சொன்னார். நல்ல மனிதர், விளங்கும்படி சொல்லத் தெரிந்தவர். தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். நெருப்புப் பட்டு நன்றாக வெந்ததில் நோய் இராது. நோய்க் கொட்டிலின் துணி கழுவுகிற வாய்க்கால் பக்கம் எவரும் போகக்கூடாது, அந்தத் தண்ணீரில் கிடந்த எதையும் பச்சையாக வாயில் வைக்கக்கூடாது. மதலேனா, நான் உப்புப் பார்க்கிறேனே, அது பிழையா என்று கேட்டாள். உன் குட்டை மறுபக்கத்தில் இருக்கிறது, அதில் பயமில்லை என்றார். நோய் வந்தவனுக்கு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், குடிக்கிறவன் பிழைப்பான் என்றும் சொன்னார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

துரைசானி புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, குட்டையில் இருந்த கூடையை இடம் மாற்றினேன். ஒரு பகல் முழுக்க அது அந்த வாய்க்காலில் கிடந்தது. நோய்க் கொட்டில் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை, யாரும் காணவில்லை. மதலேனா அன்று கோவிலுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்கு முன்னால் கூடையைக் கொண்டுவந்து பழைய வேரிலேயே கட்டினேன். அவள் போடுகிற முடிச்சையே போட்டேன்.

என் எண்ணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் சில நாள் படுக்கையில் கிடந்தால் துரைசானி அவள் இல்லாமல் போய்விடுவா, எல்லாம் பழையபடி ஆகும். அவ்வளவுதான். விருந்தாளிகள் விஷயத்தில் நான் அசட்டையாக இருக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்தச் சிப்பியை வழக்கத்தை விடக் கூட நேரம் தணலில் இருத்த வைத்தேன். மதலேனா, சதை இறுகிப்போகும் என்று முணுமுணுத்தாள். டொக்டர் சொன்னது ஞாபகமில்லையா என்று கேட்டேன். ஒரு துரைக்கும் ஒரு தலையிடி கூட வரவில்லை. ஒரு கோக்கிக்கு அந்தப் பொறுப்பு இருக்க வேண்டும்.

விருந்துக்கு முன்பே, அன்று காலையில் கூடையைத் தூக்கியதும் அவள் வழக்கம்போல ஒன்றைத் திறந்து வாயில் போட்டாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணை மூடி மென்றாள். நல்லா இருக்கு, இண்டைக்கு உப்புக் கொஞ்சம் குறைச்சால் போதும் என்றாள்.

அடுத்த நாள் விடியற்காலையில் அவளுக்குத் தொடங்கியது. பொழுது ஏறும்போது எழும்பி நிற்க மாட்டாமல் போனாள். டொக்டரின் ஆள் வந்து பார்த்துவிட்டு, நோய்க் கொட்டிலில் இடமில்லை என்று எங்கள் கொட்டிலிலேயே படுக்க வைத்து, ஒரு பானையில் கஞ்சி வைத்துக் கொடுத்துப் போனான். புதுச் சிப்பி கொண்டுவந்த பாத்தும்மா, கூடையை இறக்கி வைத்துவிட்டு மதலேனாவின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். நோய் தொற்றும் என்று சொன்னேன். பறவாயில்லை என்றாள். சிரட்டையால் கஞ்சித்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கிக்கொண்டே இருந்தாள். மதியம் வரும்போது மதலேனாவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. இனி எப்படியும் அவள் கொழும்புக்குப் போக முடியாது. பிழைத்துக்கொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன்.

அன்று மதியம் விருந்து. முதல் தடவையாக அந்தத் தட்டை நான் தனியாகச் செய்தேன். பாத்தும்மா கொண்டுவந்த சிப்பியைக் கழுவி, மிளகு அரைத்து, தணலில் இருத்தி, வினாகிரி விட்டு, உப்பில் அடுக்கினேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றேன். வயதான துரை ஒன்றை எடுத்தார். மென்றார். பல்லில் மண் கடித்தது அவர் முகத்தில் தெரிந்தது. இன்னொன்றை எடுக்கவில்லை. முள்ளுக்கரண்டியைத் தட்டில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, மதலேனா எங்கே என்று கேட்டார். சுகமில்லை என்றேன், என்ன நோய் என்று சொல்லவில்லை. துரைசானி என்னைப் பார்த்து அன்பாகவே சொன்னா:

"பறவாயில்லை அமிர்தநாயகம். மதலேனா எழும்பட்டும். அவள் வந்து செய்யட்டும்."

அவள் சுகமாகிறவரை தன் பயணத்தைத் தள்ளிப்போடுவதாகவும் சொன்னா. மற்றவர்கள் தொடாமலே தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்து குசினி வாசலில் வைத்தேன்.

பிறகு மதலேனா கிடந்த எங்கள் கொட்டிலுக்குப் போனேன். பாத்தும்மாவிடம், இனி நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போகலாம் என்றேன். அவளுக்குப் போக மனமில்லை.

"தண்ணி குடுக்கிறதை விட்டுடாதேங்கோ கோக்கியார். கேக்காட்டியும் குடுங்கோ. அல்லாஹ் காப்பாத்துவான்."

ஓம் என்றேன். அவள் போனாள். மதலேனா கண்ணைத் திறந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன, குரல் காற்றுப்போல வந்தது.

"விருந்து எப்பிடி? உப்புச் சரியே?"

"சரி."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு கேட்டாள்:

"என்னைக் கேட்டவையே?"

"இல்லை," என்றேன். "ஒருத்தரும் கேக்கேல்லை."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். சற்றுக் கழித்துத் தண்ணீர் கேட்டாள். பானையில் பாதிக்கு மேல் கஞ்சி இருந்தது. அதை வெளியே தூக்கிக்கொண்டு போய் மணலில் ஊற்றினேன். மணல் உடனே குடித்துவிட்டது. திரும்பி வந்து அவள் பக்கத்தில் இருந்தேன். அவள் கேட்கும்போதெல்லாம், பொறு, காய்ச்சுகிறேன் என்று சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் இல்லை. நான் எழும்பி ஓர் இடத்துக்கும் போகவில்லை. அவள் தனியாகக் கிடந்து சாகவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சிப்பி தின்றுதான் மதலேனா செத்தாள் என்று மறுநாளே பேச்சு வந்துவிட்டது. நான் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு மறுத்தும் சொல்லவில்லை. கொட்டில்களிலிருந்து ஆட்கள் போய்க் கொண்டச்சியில் பாத்தும்மாவின் குடிசையைப் பிடுங்கி எறிந்தார்கள். தோணியின் அடியைக் கோடரியால் பிளந்தார்கள். அவள் என் பெயரைச் சொல்லி, கோக்கியாரைக் கேளுங்கோ, நான் எப்பிடிப் பாத்தனான் எண்டு அவருக்குத் தெரியும் என்று அழுதாளாம். பொலிஸ் வந்து கூட்டிப்போனதால் உயிர் தப்பினாள். அப்போதும் நான் இங்கே வரவில்லை. வருவதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

பிறகுதான் நிலைமை வேறு விதமாகப் போகத் தொடங்கியது. துரைசானி கறுப்பு உடுத்திக்கொண்டு கல்லறைக்கு வந்தா. கொழும்பிலிருந்து கல் எடுப்பித்து, மதலேனாவின் பெயரை வெட்டி நடுவித்தா. புருஷன் பெயர் அதில் இல்லை. இந்த வீட்டில் இனிச் சிப்பி வைக்க வேண்டாம், அது மதலேனாவோடு முடிந்துவிட்டது என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னா. நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன், ஐயா. என் கையில் கரண்டி இருந்தது. பங்களாவில் சொன்னதை முசலியிலும் சொன்னார்கள், அரிப்பிலும் சொன்னார்கள். சந்தையில் மீன் விற்கிறவர்கள் கூட, மதலேனா இருந்தாளே, அவள் சுட்ட சிப்பி என்று பேசினார்கள். பாத்தும்மா என்ற பெயரும் எல்லார் வாயிலும் இருந்தது, அவள்தான் கொன்றவள் என்று. இந்தக் கதையில் நான் எங்கேயும் இல்லை. அழுதுகொண்டு நிற்கிற புருஷன், அவ்வளவுதான்.

அதனால்தான் வந்தேன். ஒரு குற்றமும் செய்யாத பெண் மறியலில் இருப்பது நியாயமில்லை என்று வந்தேன். அதை முதலில் எழுதுங்கள். கூடையை வாய்க்காலில் வைத்தது நான், கஞ்சியைக் கொட்டியது நான், மதலேனாவைக் கொன்றது நான். வேறு யாருக்கும் இதில் கை இல்லை. பாத்தும்மாவை விட்டுவிடுங்கள். பதார்த்தத்திலும் குற்றம் இல்லை, அதை நிறுத்தத் தேவையில்லை என்று துரைசானிக்கும் அறிவியுங்கள். செய்யத் தெரிந்தவன் இருக்கிறான். அன்றைக்கு மண் கக்க விட நேரம் கிடைக்கவில்லை, அதனால்தான் பிழையாகிப்போனது.

உங்கள் எழுத்தர் கடைசியாக எழுதிய வரியை வாசித்துக் காட்டச் சொன்னேன். காரணம் என்ற இடத்தில் பொறாமை என்று போட்டிருக்கிறார். அதை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள், ஐயா. குசினிப் பின்பக்கத்தில் எடுபிடி வேலை செய்த ஒரு பெண்ணின் மேல், ஒரு கோக்கிக்கு எதற்குப் பொறாமை?